அரங்கின் வாயிலில் அஷ்டாவக்கிரர்

பெரிய விளையாட்டு விழா ஒன்றுக்கு மாற்றுத்திறனாளிகள் வந்து சேர முடிகிறதா என்ற கேள்வி பெரும்பாலும் கட்டடப் பொறியாளரின் மேசைக்குப் போய்விடுகிறது. சாய்தளத்தின் சரிவு எவ்வளவு, கழிவறைக் கதவின் அகலம் எவ்வளவு, லிஃப்ட் எத்தனை என்று அங்கே அது கணக்காக மாறுகிறது. அந்தக் கணக்குக்கு அடியில், சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக வாதாடிவந்த ஒரு கேள்வி கிடக்கிறது. ஒருவர் உள்ளே வர முடியாமல் வாயிலில் நிற்கும்போது குறை எங்கே இருக்கிறது: அவருடைய உடலிலா, வழியிலா? உடலில்தான் என்றால் அதற்கு மருத்துவமோ இரக்கமோ அற்புதமோ வேண்டும். வழியில்தான் என்றால் செய்ய வேண்டிய வேலை வேறு, செய்ய வேண்டிய ஆளும் வேறு.

டில்லி இந்தக் கேள்வியை இரண்டு முறை பெரிய அளவில் சந்தித்த ஊர். 2010 அக்டோபரில் காமன்வெல்த் போட்டிகளின் தொடக்க விழாவும் தடகளமும் ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்தன. அதே அரங்கில் 2025 செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை உலக பாரா தடகளப் போட்டி நடந்தது. இந்தியா அதை நடத்தியது அதுவே முதல் முறை. 186 பதக்கப் பிரிவுகள், நூறுக்கும் மேற்பட்ட நாடுகள், இந்தியாவுக்கு 22 பதக்கங்கள். நகரின் மேற்குப் பக்கத்தில், மிதிலை மன்னர் ஜனகரின் பெயரைத் தாங்கி ஜனக்புரி இருக்கிறது. டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்று அங்கே இருப்பதால் தலைநகரத் தமிழர்களுக்குப் பழகிய இடம். ஜனகரின் அவையைப் பற்றி மரபு சொல்லும் கதைகளில் முக்கியமான ஒன்று, உடல் கோணிய ஒரு சிறுவன் அதன் வாயிலில் தடுக்கப்பட்ட கதை.

அஷ்டாவக்கிரரின் கதை மகாபாரதத்தின் வனபர்வத்தில் வருகிறது. தந்தை ககோடர் வேதம் ஓதியதில் பிழை இருப்பதைக் கருவிலிருந்தபடியே குழந்தை சுட்டிக்காட்டியது. சினந்த தந்தை சபித்தார். எட்டுக் கோணல்களோடு குழந்தை பிறந்தது. இதற்கிடையில் ககோடர் ஜனகரின் அவைக்குச் சென்று, வந்தி என்ற வாதியிடம் தோற்று நீரில் அமிழ்த்தப்பட்டார். பன்னிரண்டாம் வயதில் உண்மை தெரிந்ததும், அஷ்டாவக்கிரர் தம் வயதை ஒத்த மாமன் சுவேதகேதுவுடன் ஜனகரின் வேள்விக்குப் புறப்பட்டார்.

முதல் தடை வழியிலேயே வந்தது. அரசரின் பரிவாரம் எதிர்ப்பட்டு, ஒதுங்கும்படி சொன்னது. வழி யாருக்கு உரியது என்று அஷ்டாவக்கிரர் அப்போது ஒரு வரிசை சொல்கிறார். பார்வையற்றவர், காது கேளாதவர், பெண், சுமை சுமப்பவர் ஆகியோருக்கு வழிவிட வேண்டும். அரசனுக்கும் விட வேண்டும். ஆனால் அந்தணன் எதிரே வந்தால் வழி அவனுக்கே. ஜனகர் ஒதுங்கிக்கொண்டார். மாற்றுத்திறனாளிகளின் வழியுரிமைக்கு இதைப் பழமையான சான்றாகக் காட்டுவது எளிது. பார்வையற்றவரும் காது கேளாதவரும் பட்டியலின் தலையில் நிற்பதும் உண்மையே. ஆயினும் நேர்மையாகப் படித்தால் இன்னொன்றும் தெரியும்: அன்று அஷ்டாவக்கிரர் வழியைப் பெற்றது கோணிய உடலோடு நடப்பவர் என்ற தகுதியில் இல்லை, அந்தணர் என்ற தகுதியில். உரிமை பேசத் தொடங்கிய வாக்கியம் சாதியில் போய் முடிகிறது.

இரண்டாம் தடை வாயிற்காவலன். கற்றறிந்த முதியவர்களுக்கே அனுமதி என்று அவன் மறிக்கிறான். மகாபாரதத்தில் தடைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது வயது. அவையில் இருந்தவர்கள் அவருடைய உடலைக் கண்டு சிரித்ததும், தோலைப் பார்த்து எடைபோடுகிறவர்கள் தோல் வணிகர்களே என்று அவர் திருப்பிச் சிரித்ததும் பின்னாளில் வாய்வழியே பெருகிய கதை. இன்று பரவலாகத் தெரிந்தது அந்தச் சிரிப்புதான். கதையைக் கேட்டவர்களுக்கு வயதைவிட உடலே பொருத்தமான தடையாகத் தோன்றியிருக்க வேண்டும். தாங்கள் பார்த்த வாயில்களை அவர்கள் கதைக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு ஒன்று முதல் பதின்மூன்று வரை எண்களை வைத்து வாதம் நடக்கிறது. பதின்மூன்றில் வந்தி பாதியில் நிற்க, அஷ்டாவக்கிரர் முடிக்கிறார். தந்தை மீள்கிறார். மகனைச் சமங்கை ஆற்றில் இறங்கச் சொல்கிறார். எட்டுக் கோணலும் நிமிர்ந்துவிடுகின்றன.

கதை அந்த ஆற்றோடு முடிந்துவிடுவதுதான் சிக்கல். வாயிற்காவலன் தன் விதியை மாற்றிக்கொண்டதாக எங்கும் இல்லை. அடுத்த நாள் இன்னொரு கோணிய உடல் அதே வாயிலுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கதை கேட்பதில்லை. உடல் சரியாகிவிட்டது, ஆகவே கேள்வியும் முடிந்துவிட்டது.

அஷ்டாவக்கிரரின் பெயரில் வழங்கும் இன்னொரு நூல் கேள்வியை வேறு திசைக்குக் கொண்டுபோகிறது. ஜனகருக்கும் அவருக்கும் இடையிலான உரையாடலாக இருபது அத்தியாயங்களில் அமைந்த அஷ்டாவக்கிர கீதை, ரமணரின் அடியார்கள் வழியாகத் தமிழ்நாட்டிலும் நன்கு அறிமுகமானது. நீ உடல் அல்ல, அறிவே நீ என்பது அதன் அடிப்படைப் போதனை. எட்டுக் கோணல் உள்ளவர் இதைச் சொல்வதில் தனி வலு இருக்கிறது. ஆனால் இதே போதனையை அரங்கின் வாயிலில் நிற்கும் ஒருவரிடம் மற்றொருவர் சொன்னால் அது தட்டிக்கழிப்பாகிவிடும். ஆன்மாவுக்குப் படிக்கட்டு தடை இல்லை. சக்கர நாற்காலிக்குத் தடைதான்.

அத்வைதம் இந்தத் தட்டிக்கழிப்புக்கு உண்மையில் இடம் கொடுக்கிறதா என்பது விவாதத்துக்கு உரியது. பரமார்த்த நிலை, வியவகார நிலை என்று சங்கரர் பிரித்துப் பேசுவது, உலக நடைமுறையில் கடமைகள் நீடிக்கின்றன என்பதற்காகவும்தான். அவரைப் பற்றிய மரபுக் கதை ஒன்று இங்கே நேராகப் பொருந்துகிறது. காசியில் எதிரே வந்த புலையர் ஒருவரை விலகச் சொன்னபோது, எதை விலகச் சொல்கிறீர், உடலையா ஆன்மாவையா என்று அவர் கேட்டார். சங்கரர் வாயடைத்துப்போய், அவரைக் குருவாக ஏற்று ‘மனீஷா பஞ்சகம்’ பாடினார் என்பார்கள். அந்தக் கேள்வியின் கூர்மை, வழியை மறித்தவர் பக்கம் திரும்புவதில் இருக்கிறது. உடல் பொருட்டல்ல என்று நம்புகிறவர், உள்ளே விடுவதற்கு உடலை அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே இந்தத் தத்துவம் சொல்லப்பட வேண்டிய ஆள் காவலன்.

முன்வினை என்ற விளக்கமும் இதே இடத்தில் தடுக்கி விழுகிறது. ஒருவர் கால் ஏன் நடக்கவில்லை என்பதற்கு வினைக் கொள்கை ஒரு காரணம் சொல்லக்கூடும் (அஷ்டாவக்கிரர் விஷயத்தில் அதுவும் இல்லை, அவர் அனுபவித்தது தந்தையின் கோபத்தை). வாயிலில் ஏழு படிகள் ஏன் கட்டப்பட்டன என்பதற்கு அது எதுவும் சொல்லாது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வரைபடத்தில் கையெழுத்திட்டவர்.

தமிழ் மரபில் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமாக வருபவர் தண்டியடிகள். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையற்றவராக இருந்த அவர், தூர்ந்துபோன கமலாலயக் குளத்தைத் தாமே ஆழப்படுத்தத் துணிந்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் செய்த ஏற்பாடு கவனிக்கத்தக்கது. குளத்துக்குள் ஒரு தறி நட்டார். கரையில் இன்னொரு தறி நட்டார். இரண்டுக்கும் இடையில் கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண் வெட்டினார், கூடையில் சுமந்துகொண்டு அதே கயிற்றின் வழியே கரையேறினார். பார்வை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போக ஆள் தேடவும் இல்லை. இருக்கும் உடலுக்கு ஏற்றபடி இடத்தை மாற்றினார். தம்மை எதிர்த்தவர்கள் கேலி செய்தபோதும் வேலை தடைபடவில்லை. அவர்கள் கயிற்றையும் மண்வெட்டியையும் பறித்துக்கொண்ட பிறகுதான் தடைபட்டது. அதுவரை அவருடைய பார்வையின்மை அந்த வேலைக்கு ஒரு இடையூறாகவே இல்லை. குளக்கரையில் ஊனம் உண்டானது கயிறு போன நொடியில்.

புராணம் அத்தோடு நிற்பதில்லை. மன்னன் முன்னிலையில் தண்டியடிகள் குளத்தில் மூழ்கி எழும்போது பார்வை பெறுகிறார். எதிர்த்த சமணர்கள் பார்வை இழக்கிறார்கள். சமயப் பூசலின் காலத்தில் எழுந்த முடிவு இது. பார்வையின்மை இங்கே அவமானமாகவும் தண்டனையாகவும் ஆகிவிடுகிறது. சில வரிகளுக்கு முன்புதான் அதே பார்வையின்மையோடு ஒருவர் குளம் வெட்டிக்கொண்டிருந்தார். பக்தருக்கு அற்புதம் முக்கியமாக இருக்கலாம். இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அந்தக் கயிறுதான் முக்கியம்.

சுந்தரர் வரலாற்றில் கயிற்றின் இடத்தில் ஊன்றுகோல் வருகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டதும் அவர் பார்வையை இழந்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் திரும்பக் கிடைத்தன. காஞ்சிக்கு முன்பே திருவெண்பாக்கத்தில் இறைவன் பார்வையைத் தரவில்லை, ஒரு கோலைத் தந்தார். ஊன்றீசுவரர் என்ற பெயரே அங்குள்ள இறைவனுக்கு நிலைத்துவிட்டது. பாதி வழியில் நிற்கும் ஒருவருக்கு உடனே தேவைப்பட்டது ஊருக்குப் போய்ச் சேர உதவும் ஒரு கருவிதான் என்பதை இந்தத் தலபுராணம் தெரிந்து வைத்திருக்கிறது.

மற்ற சமயங்களிலும் இதே இரட்டைப் போக்கு தெரிகிறது. மாற்கு நற்செய்தியில், கப்பர்நாகூமில் கூட்டம் வாசலை அடைத்து நின்றதால் முடக்குவாதக்காரர் ஒருவரை நான்கு பேர் கூரையைப் பிரித்துக் கட்டிலோடு உள்ளே இறக்குகிறார்கள். கட்டடமே அவருக்காகத் திறக்கப்படுகிறது, ஆனாலும் நிகழ்ச்சி குணமாதலில்தான் முடிகிறது. இஸ்லாமிய வரலாற்றில் இப்னு உம்மி மக்தூம் என்ற பார்வையற்ற தோழர் கடைசி வரை பார்வையற்றவராகவே இருந்தார். அவரிடமிருந்து முகம் திருப்பப்பட்டதைக் குர்ஆனின் எண்பதாம் அத்தியாயம் கண்டிக்கிறது. பின்னர் அவர் மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பை ஏற்றார். அற்புதம் இல்லாமல் இடம் கிடைத்தது என்ற வகையில் இது அரிய எடுத்துக்காட்டு.

உடலை மாற்று, உடலைப் பொருட்படுத்தாதே, வழியை மாற்று என்று மரபில் ஓடும் இந்த மூன்று பதில்களில், இன்றைய சட்டமும் விளையாட்டு நிர்வாகமும் கடைசியைத்தான் எடுத்துக்கொண்டிருக்கின்றன. அது நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதை ஜனக்புரியிலிருந்து நேரு அரங்கு வரையிலான பயணத்தில் பார்க்கலாம்.

ஜனக்புரி, டில்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) உருவாக்கிய காலனி. அந்தக் காலத்து டி.டி.ஏ. மாடிக் குடியிருப்புகள் லிஃப்ட் இல்லாமல் கட்டப்பட்டவை. இரண்டாம் மாடியில் வசிக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கு அரங்கின் முதல் வாயில் தம் வீட்டு மாடிப்படியே. தெருவுக்கு வந்த பிறகு நடைபாதை. அதன் விளிம்பு 15 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற வழக்கமான சரிவு விகிதப்படி சாய்தளத்துக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். கடைக்காரர்கள் தங்கள் வசதிக்குப் போட்டுக்கொள்ளும் அரை மீட்டர் சிமெண்டுச் சரிவு மோட்டார் சைக்கிளை ஏற்றத்தான் பயன்படும். அதில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் பின்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

அடுத்தது ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையம். ப்ளூ லைன் இங்கே தூண்களின் மேலும் மெஜந்தா லைன் தரைக்கு அடியிலும் ஓடுகின்றன. 2018 மே மாதம் மெஜந்தா பகுதி திறக்கப்பட்டபோது இங்குள்ள சுமார் 15.6 மீட்டர் உயர நகரும் படிக்கட்டு நாட்டிலேயே உயரமானது என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்தப் பெருமையால் பயனில்லை. லிஃப்ட் ஓடினால்தான் பயணம். மெஜந்தா லைனில் கால்காஜி மந்திர் வரை போய், அங்கே நிலத்தடியிலிருந்து மேலேறி வயலட் லைனுக்கு மாறி, ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் மறுபடியும் தரைக்கு வர வேண்டும். டில்லி மெட்ரோ தொடக்கத்திலிருந்தே லிஃப்ட், அகலமான நுழைவு, பார்வையற்றோருக்கான புடைப்பு ஓடுகள், ஒலி அறிவிப்பு ஆகியவற்றோடு திட்டமிடப்பட்டது என்பதால் இந்தப் பயணத்தைக் கற்பனையாவது செய்ய முடிகிறது. அரங்கு வழியாகச் செல்லும் வயலட் பகுதி 2010 அக்டோபர் 3 அன்று, காமன்வெல்த் போட்டிகள் தொடங்கிய அதே நாளில் திறக்கப்பட்டது. விளையாட்டு விழா முடிந்து போனாலும் அந்த லிஃப்டுகள் ஊருக்கு மிஞ்சின.

விழாவோடு வந்து விழாவோடு போகும் வசதிகளும் உண்டு. 2001 ஜனவரியில் ஸ்டீபன் ஹாக்கிங் டில்லிக்கு வந்தபோது, குதுப் மினார் உள்ளிட்ட நினைவுச் சின்னங்களில் அவருக்காக மரச் சாய்தளங்கள் போடப்பட்டன. உலகப் புகழ்பெற்ற விருந்தாளிக்கு ஒரு நாளில் முடிந்தது, டில்லியின் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஏன் ஆண்டுக்கணக்கில் முடியவில்லை என்று ஜாவேத் அபிதி போன்ற உரிமை இயக்கத்தினர் கேட்டார்கள். சலுகைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பலகைகளில் தெரிந்தது. சலுகை வருபவரின் பெயரைக் கேட்கும்.

சட்டம் இந்த இடத்துக்கு வந்துசேரக் காலம் பிடித்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சாய்தளம் முதலிய வசதிகளை அரசின் பொருளாதார நிலை அனுமதிக்கும் வரம்புக்குள் வைத்தது. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் முப்பதாம் பிரிவு பண்பாடு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் பங்கேற்பதை உரிமையாகச் சொல்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தற்செயலாகத் தன் முப்பதாம் பிரிவில்தான் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறது: உள்கட்டமைப்பை மாற்றியமைப்பதும் அதில் அடக்கம். ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தள்ளியது. கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதங்களுக்குள் வகுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஒரு நுட்பமான பிரிவினையும் செய்கிறது. அணுகல் என்பது யார் வருவார் என்று தெரிவதற்கு முன்பே, எல்லோருக்குமாகச் செய்து வைக்க வேண்டியது. நியாயமான தகவமைப்பு என்பது குறிப்பிட்ட ஒருவர் வந்து கேட்கும்போது அவருக்கேற்பச் செய்து தருவது. இரண்டாவது, முதலாவதற்கு மாற்றாகாது. திருவெண்பாக்கத்துக் கோல் இரண்டாம் வகை. புடைப்பு ஓடு பதித்த நடைமேடை முதல் வகை.

அரங்குக்குள் போன பிறகு பார்வையாளரின் கேள்விகள் நுணுக்கமாகின்றன. இதில் பெரிதாகப் பேசப்படாத ஒன்று பார்வைக் கோடு. கோல் விழும்போதோ கடைசிச் சுற்றின்போதோ கூட்டம் எழுந்து நிற்கும். அதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சக்கர நாற்காலிக்காரருக்கு, எதற்காக வந்தாரோ அந்த ஒரு நொடி மட்டும் முன்வரிசையின் முதுகுகளாகிவிடும். 1997-இல் வாஷிங்டன் நகரின் புதிய உள்ளரங்கு ஒன்றைப் பற்றிய வழக்கில், எழுந்து நிற்பவர்களின் தலைக்கு மேலாகப் பார்க்கும்படி சக்கர நாற்காலி இடங்களில் பெரும்பாலானவை அமைய வேண்டும் என்ற விதியை அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. கட்டுமானத்தில் இதற்கு அந்த இடங்களுக்கான மேடையைச் சில அடி உயர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தத்துவத்தில் இதன் பொருள் பெரியது: உள்ளே விடப்படுவதும் நிகழ்ச்சியில் பங்குகொள்வதும் ஒன்றல்ல என்று அது ஒப்புக்கொள்கிறது.

இடம் எங்கே என்பதும் அதே அளவு முக்கியம். எல்லாச் சக்கர நாற்காலிகளையும் மைதான ஓரத்தில் ஒரு மூலையில் வரிசையாக நிறுத்திவிட்டால் எண்ணிக்கை சரியாக வரும். ஆனால் அங்கே ஒருவர் தம் மனைவியோடும் பிள்ளைகளோடும் தம் ஊர்க்கூட்டத்தோடும் உட்கார முடியாது. அரங்குக்குப் போவதன் பாதி சந்தோஷம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதில் அல்லவா இருக்கிறது! துணைக்கு வருபவருக்குப் பக்கத்து இருக்கை, காது கேளாதவருக்குத் திரையில் எழுத்து, பார்வையற்றவருக்குக் காதில் வர்ணனை, இரைச்சல் தாங்க முடியாத ஆட்டிச நிலையுள்ள குழந்தைக்கு ஒரு அமைதி அறை ஆகியவை இந்த வரிசையில் அடுத்தடுத்து வருகின்றன. எல்லாவற்றையும் விட எளிதில் மறக்கப்படுவது வெளியேறும் வழி: தீ பிடித்தால் லிஃப்ட் நிறுத்தப்படும், மேல் அடுக்கில் இருப்பவரை யார், எந்த வழியாக இறக்குவார்கள் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

அமர்த்தியா சென் 1979-இல் ‘எதில் சமத்துவம்?’ என்ற தம் உரையில் எழுப்பிய வாதம் இங்கே உதவும். ஒரே அளவு பணமோ பொருளோ இருவரிடம் இருப்பதால் அவர்கள் சமமாகிவிடுவதில்லை. அதைக் கொண்டு ஒவ்வொருவராலும் என்ன செய்ய முடிகிறது என்பதையே பார்க்க வேண்டும் என்றார். உடல் ஊனமுற்றவரையே அவர் எடுத்துக்காட்டாக வைத்தார். ஒரே விலை கொடுத்து வாங்கிய இரண்டு டிக்கெட்டுகள், ஒருவருக்கு ஒரு மாலைப் பொழுதின் களிப்பையும் மற்றவருக்கு வாடகை வண்டிச் செலவையும் தூக்கிச் சென்றவர்களின் பெருமூச்சையும் தரக்கூடும். டிக்கெட் விற்பனையைக் கணக்கெடுத்தால் இருவரும் சமம்.

ஆடுகளத்துக்குள் கேள்வி இன்னும் கடினமாகிறது. விளையாட்டே உடல்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் செயல். அதில் எல்லோரையும் சேர்ப்பது என்றால் என்ன? 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய நாளில், ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் 16 பேரைக் கொண்டு வில்வித்தைப் போட்டி நடத்தியதிலிருந்து இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில், தனி விழாவாக வளர்ந்தது. தனி விழாவுக்கு இடம் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக் கிராமம் கிடைக்காமல் போட்டிகள் ஹைடல்பெர்க்குக்குப் போயின. அங்கேதான் முரளிகாந்த் பெட்கர் நீச்சலில் இந்தியாவின் முதல் பாராலிம்பிக் தங்கத்தை வென்றார். 1980-இல் மாஸ்கோ நடத்த மறுத்தது. காமன்வெல்த் போட்டிகள் வேறு முறையை எடுத்தன: 2002 மான்செஸ்டரிலிருந்து பாரா பிரிவுகளின் பதக்கங்களும் நாட்டின் அதே பட்டியலில் சேர்ந்தன. அந்த ஏற்பாட்டால்தான் 2010 டில்லியில் பிரசாந்த கர்மாகர் பெற்ற வெண்கலம், காமன்வெல்த் நீச்சலில் இந்தியாவின் முதல் பதக்கம் என்று வரலாற்றில் நிற்கிறது. பாரா பிரிவில் முதல் என்ற அடைமொழி அதற்குத் தேவைப்படவில்லை.

விதிகளை மாற்றினால் ஆட்டம் அதே ஆட்டமாக இருக்குமா என்ற ஐயம் எப்போதும் எழுகிறது. நெடுந்தூரம் நடக்க முடியாத அளவு கால்நோய் இருந்த கோல்ஃப் வீரர் கேசி மார்ட்டின், குழிகளுக்கு இடையே சிறு வண்டியில் செல்ல அனுமதி கேட்டார். 2001-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: கோல்ஃபின் சாரம் பந்தை அடிப்பது, நடப்பது அதில் சேராது. மாறுபட்ட நீதிபதி ஸ்காலியா, ஒரு விளையாட்டின் விதிகள் எல்லாமே ஒப்புக்கொண்டு வைத்தவைதான், இது சாரம் இது சாரமல்ல என்று பிரிக்க நீதிமன்றத்தால் ஆகாது என்றார். அவருடைய வாதம் கூர்மையானது. ஆனால் அதே வாதத்தைத் திருப்பியும் வைக்கலாம்: விதிகள் எல்லாம் நாம் வைத்தவையே என்றால், மாற்றி வைக்கவும் தடையில்லை.

1998 நவம்பரில் டில்லியில் நடந்த முதல் பார்வையற்றோர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. பந்துக்குள் சிறு உலோகக் குண்டுகள் குலுங்கும். பந்துவீச்சு கைக்கீழாக. முழுப் பார்வையின்மை முதல் பகுதிப் பார்வை வரை மூன்று வகையினரும் ஒவ்வொரு அணியிலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முற்றிலும் பார்வையற்ற ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு ஓட்டமும் இரண்டாக எண்ணப்படும். பந்து ஒரு முறை தரையில் பட்டு எழுந்த பிறகு அவர் பிடித்தாலும் கேட்ச்தான். மட்டையடியைப் பார்க்கிறவருக்கு இது கிரிக்கெட் என்பதில் ஐயமே வராது. பாரா தடகளத்தில் முழுப் பார்வையின்மைக்கான டி11 ஓட்டத்தில் வீரரும் வழிகாட்டியும் ஒரு சிறு கயிற்றால் இணைந்து ஓடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே அளவு இருட்டு இருக்க வேண்டும் என்பதற்காக வீரர்கள் கண்மறைப்பு அணிகிறார்கள். கோட்டை முதலில் தாண்ட வேண்டியவர் வீரர். வழிகாட்டி முந்தினால் தகுதியிழப்பு. நீளம் தாண்டுதலில் மணற்குழியருகே நிற்பவர் கைதட்டியும் குரல் கொடுத்தும் திசை சொல்வார். அப்போது அரங்கமே அமைதி காக்க வேண்டும். கண்ணுள்ள ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவருடைய காதுக்காகத் தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் நேரம் அது.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. நியாயமான போட்டிக்கு ஒப்பான உடல்கள் வேண்டும். ஒப்புமையை நிறுவ மருத்துவர்கள் ஒவ்வொரு உடலையும் அளந்து வகைப்படுத்த வேண்டும். ஜனகரின் வாயிற்காவலன் இப்போது அளவு நாடாவோடு நிற்கிறான். டோக்கியோ பாராலிம்பிக்கில் வட்டு எறிந்து வெண்கலம் பெற்ற இந்தியரான வினோத் குமாரை எந்த வகையிலும் சேர்க்க முடியவில்லை என்று குழு முடிவு செய்ததால் பதக்கம் போயிற்று. 2000 சிட்னியில் தங்கம் வென்ற ஸ்பெயினின் அறிவுசார் குறைபாட்டுப் பிரிவுக் கூடைப்பந்து அணியில் பெரும்பாலோருக்கு அந்தக் குறைபாடே இல்லை என்பது வெளிப்பட்டது. அதன் விளைவாக, ஏமாற்றாத பிற நாட்டு வீரர்களும் சேர்ந்து 2012 லண்டன் வரை பாராலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டனர். வாயிலைத் திறப்பதற்காக ஏற்பட்ட அமைப்பு, திறப்பதற்காகவே ஒரு காவலையும் வைத்துக்கொள்ள நேர்கிறது. இதற்குத் தூய தீர்வு இருப்பதாகத் தெரியவில்லை. பார்வையாளர் வரிசையில் யாரும் தம் உடலை நிரூபிக்க வேண்டியதில்லை, ஆடுகளத்தில் நிரூபித்தாக வேண்டும்.

எல்லையைப் பற்றிய கேள்வியும் மீதமிருக்கிறது. அளவுக்கு மீறிய சுமை ஏற்படுத்தாத மாற்றமே நியாயமான தகவமைப்பு என்று சட்டம் வரையறுக்கிறது. எது அளவுக்கு மீறியது என்பதில் நிர்வாகங்கள் தாராளமாகக் கணக்குப் போடுவது வழக்கம். பணத்தைவிடக் கடினமானவை, ஒருவரின் வசதி இன்னொருவரின் தடையாகும் இடங்கள். நடைபாதை விளிம்பைத் தெருவோடு சமமாக்கினால் சக்கர நாற்காலி தடங்கலின்றி இறங்கும்; வெள்ளைக் கோலோடு வருபவருக்கோ நடைபாதை எங்கே முடிகிறது என்று சொல்லிவந்த விளிம்பு தொலைந்துபோகும். அங்கே புடைப்பு ஓடு பதித்தால் கோலுக்குத் தெரியும். சக்கரம் சற்று அதிரும். ஓடு எத்தனை அகலம், புடைப்பு எத்தனை மில்லிமீட்டர் என்பதை இருவரையும் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய முடியும். ஐ.நா. உடன்படிக்கையின் நான்காம் பிரிவு மாற்றுத்திறனாளிகளையும் அவர்களுடைய அமைப்புகளையும் கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்று சொல்வதற்கு இது போதுமான காரணம். காமன்வெல்த் போட்டிகள் 2030-இல் மறுபடியும் இந்தியாவுக்கு, அகமதாபாத்துக்கு வருகின்றன. அந்தக் கலந்தாய்வுக்குரிய காலம் கான்கிரீட் போடுவதற்கு முன்பு.